வாடகை போனால் போனதுதானா?

குரோம்பேட்டையில் ஒரு மூன்று மாடி அடுக்ககம். கட்டி 12 வருடம் ஆகிறது. முதல் மாடியில் ஒரு குடும்பம் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறது. கணவர், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், கணவரின் அம்மா என்று நான்கு பேர். இரண்டு பெட்ரூம், மாத வாடகை 16,000 ரூபாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ச்மேன் ஒரு செய்தியோடு வந்தார். மேல் மாடியில் இதே அளவு, இதே அமைப்புள்ள வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 60 லட்சம்.

மதியத்துக்குள் செய்தி திருச்சி வரை போய்விட்டது. கணவரின் அக்கா போன் செய்தார்.

"ஏண்டா தம்பி, ஏழு வருஷமா எவனுக்கோ வாடகை அழுதுக்கிட்டு இருக்கே. அந்தக் காசெல்லாம் தண்ணியில போட்ட மாதிரிதானே? பேசாம மேல்வீட்டை வாங்கிடு. வாடகைக்குப் பதிலா டியூ கட்டினா போச்சு!"

நம் ஊரில் வாடகை வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. ஏழு வருட வாடகையைக் கூட்டினால் ஏறத்தாழ 11 லட்சம் வந்தது. கணவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மனைவி ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். இரவு மகள் தூங்கியதும் பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னங்க, வாங்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம். முதல்ல எவ்வளவுன்னு பார்த்துடலாம்" என்றார்.

டைரியில் ஏறிய கணக்கு

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவிகிதம் வரைதான் வங்கி கொடுக்கலாம். 60 லட்சத்துக்கு 48 லட்சம். மீதி 12 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். பலருக்கு இது தெரியும். பத்திரச் செலவைத்தான் மறந்துவிடுவார்கள். தமிழகத்தில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 60 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 5,40,000 ரூபாய். இதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆக, சாவி கைக்கு வருவதற்குள் 17,40,000 ரூபாய் வெளியே போயிருக்கும். இவர்களிடம் பத்து வருடச் சேமிப்பாக இருப்பதே 18 லட்சம்தான். இப்போதைய வீட்டின் அட்வான்ஸ் திரும்பி வந்தாலும் பெயின்ட்டுக்கும் அலமாரிக்கும் சரியாகிவிடும்.

அடுத்தது மாதத் தவணை. 48 லட்சம், 8.5 சதவிகித வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 41,655 ரூபாய். "வாடகைக்குப் பதிலா டியூ" என்று அக்கா சொன்னது வாய்க்கு எளிது. வாடகையைவிட மாதம் 25,655 ரூபாய் அதிகம்.

அதைவிட, தவணை எப்படிப் பிரிகிறது என்பதுதான் கணவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் மாதத் தவணையில் 34,000 ரூபாய் வட்டி. அசலில் குறைவது 7,655 ரூபாய் மட்டும். ஐந்து வருடத்தில் வங்கிக்குக் கட்டியிருப்பது ஏறத்தாழ 25 லட்சம். அப்போதும் கடன் பாக்கி 42,30,000. அதாவது 19 லட்சத்துக்கு மேல் வட்டியாகவே போயிருக்கும்.

"அப்போ 16,000 வாடகை தண்ணியில போகுதுன்னா, 34,000 வட்டி எதுல போகுது?"

கணவர் கேட்ட இந்தக் கேள்வியை யாரும் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் தயாராக இருக்கும்: "அது வேற, இது வேற." இந்த "வேற"வைத்தான் ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பல வருடம் ஆராய்ந்தார். 2017-ல் நோபல் பரிசு பெற்றவர். நம் மனசுக்குள் ஒரே கல்லாப்பெட்டி கிடையாது, தனித்தனி டப்பாக்கள் இருக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். வாடகை "செலவு" டப்பாவில் விழுகிறது. தவணை, அதில் முக்கால்வாசிக்கு மேல் வட்டியாக இருந்தாலும், "சொத்து" டப்பாவில் விழுகிறது. ரூபாய் ஒன்றுதான். டப்பா மாறியதும் வலி குறைந்துவிடுகிறது. அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் தனித்தனியாகக் காசு ஒளித்து வைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை!

வரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருப்பவருக்கு அது இல்லை. வாடகைப் படிக்கான விலக்கும் அங்கே இல்லை. வரி மிச்சமாகும் என்பதற்காகவே வீடு வாங்கச் சொல்லும் அறிவுரை பழசாகிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து

மனைவி டைரியில் நடுவே ஒரு கோடு போட்டார். இடது பக்கம் "வாங்கினால்", வலது பக்கம் "வாங்காவிட்டால்".

வாங்கினால்: வீட்டின் விலை ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறினால், ஐந்து வருடத்தில் 76,60,000. கடன் பாக்கியைக் கழித்தால் இவர்களுடையது 34,30,000.

வாங்காவிட்டால்: கையிலிருக்கும் 17,40,000-ஐ 7 சதவிகித வட்டிக்குப் போட்டுவைத்தால் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 24,40,000. அதோடு, தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் சேமிக்க வேண்டும். வாடகை ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறுவதால் இந்த வித்தியாசம் வருடாவருடம் கொஞ்சம் சுருங்கும். அதற்கும் அதே 7 சதவிகிதம் என்றால் 17 லட்சம் சொச்சம். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 41,60,000. (வட்டிக்கான வரியைக் கணக்கில் எடுக்கவில்லை.)

வாடகை வீடு 7 லட்சம் முன்னால் நிற்கிறது! வீட்டு விலை ஆண்டுக்கு 7 சதவிகிதம் ஏறினால் இரண்டும் சமம். 8 சதவிகிதம் என்றால் வாங்கியவர் ஜெயிக்கிறார். ஆனால், ஏற்கெனவே 12 வயதான அடுக்ககத்தில் அப்படித் தொடர்ந்து ஏறும் என்று நம்பிக் கடன் வாங்குவது கொஞ்சம் அதிகப்படி. அடுக்ககத்தில் விலை ஏறுவது நிலத்துக்குத்தான், கட்டடத்துக்கு வயதுதான் ஏறும். உங்கள் பங்குக்கு எத்தனை சதுர அடி மனை என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். யூ.டி.எஸ். என்பார்கள். டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு.

கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ வாடகையே லாபம்னு அக்காகிட்ட சொல்லிடலாமா?"

மனைவி பேனாவை மூடவில்லை. "ஒரு நிமிஷம். மாசம் 25,000 எடுத்து வைப்போம்னு எழுதியிருக்கேனே, இந்த ஏழு வருஷமா எவ்வளவு எடுத்து வெச்சோம்?"

பதில் இல்லை. மேல்வீட்டுத் தவணை அளவுக்கு ஏழு வருடமும் அவர்களுக்குச் சம்பளம் வரவில்லைதான். ஆனால் மூன்று வருடமாக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 95,000-த்தைத் தொடுகிறது. அந்த மூன்று வருடத்தில் சேமிப்பு கூடியது மாதம் 6,000 ரூபாய் வீதம்தான். மிச்சம் எங்கே போனது என்று இருவருக்கும் தெரியாது. தெரியாமல் என்ன... ஸ்விக்கி, ஊட்டி, புது போன், உறவுக்காரர் வீட்டு மொய், பள்ளியின் "ஆக்டிவிட்டி ஃபீஸ்".

வலது பக்கக் கணக்கை அவர் திருத்தி எழுதினார். மாதா மாத வித்தியாசத்தைச் சேமிக்கவே இல்லை என்றால் ஐந்து வருடம் கழித்து இருப்பது 24,40,000 மட்டும். வாங்கியவரிடம் 34,30,000. வாங்கியவர் 10 லட்சம் முன்னால் போய்விடுகிறார். பாதியைச் சேமித்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம்.

இணையத்தில் சொந்த வீட்டுக்கும் வாடகைக்கும் நடக்கும் சண்டையில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த ஒரு வரி. வீட்டின் விலை, வட்டி விகிதம், ஏரியா எல்லாம் விவாதிக்கப்படும். வித்தியாசப் பணத்தை நிஜமாகவே யார் சேமித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வாடகைதான் லாபம் என்று எக்செல் ஷீட் போட்டுக் காட்டும் இளைஞர், அந்த ஷீட்டில் இருக்கும் 25,000 ரூபாயைத் தன் வங்கிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

வீட்டுக் கடனில் இருக்கும் பெரிய நன்மை வட்டியிலோ வரியிலோ இல்லை. அது மிரட்டுகிறது. ஐந்தாம் தேதி பணம் இல்லையென்றால் அபராதம், வங்கியிலிருந்து போன், சிபில் ஸ்கோர் பயம். ஏலச்சீட்டில் பணம் போட்டு நகை வாங்கிய அம்மாக்களுக்கு இந்த வித்தை தெரியும். சீட்டில் கழிவு போகும் என்று தெரிந்தேதான் போட்டார்கள். கையில் இருந்தால் கரைந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 19 லட்சம் வட்டி என்பது அந்த மிரட்டலுக்குக் கொடுக்கும் கூலி. விலை கூடுதல்தான். ஆனால் சிலருக்கு வேறு எந்த வழியிலும் பணம் நிற்காது.

மிரட்டலுக்கு இன்னொரு முகமும் உண்டு. மே 2022-ல் 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டியை, பிப்ரவரி 2023-க்குள் 6.5 சதவிகிதத்துக்கு உயர்த்தியது ரிசர்வ் வங்கி. பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டின. தொகை மாறாததால் பலர் கவனிக்கவே இல்லை. ஒருநாள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான், ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடும் என்பது தெரிந்தது.

அம்மா சொன்னது

மறுநாள் காபி நேரத்தில் டைரியைப் பார்த்த கணவரின் அம்மா, கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கீழ் வீட்டுல இருந்தாரே பெரியவர், ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஞாபகம் இருந்தது. அவரும் வாடகைக்கு இருந்தவர். போன வருடம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. அடுத்து யாரும் குடிவர மாட்டார்கள் என்பது அவர் கவலை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்குக் கொண்டு போனார்கள். பதினோரு வருடம் குடியிருந்த வீட்டின் வாசலில் ஒரு நிமிடம்கூட அவரைக் கிடத்த முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் மார்பிள் தரை வேணாம்பா. என்னை வாசல்லேருந்து எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான்."

மனைவியின் டைரியில் இதற்குக் கட்டம் இல்லை.

எலி வளையானாலும் தனி வளை என்று நம்மவர்கள் சொன்னதில் லாப நஷ்டக் கணக்கு கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக் கேட்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் பூட்டப்படாது. என்ன சமைக்கிறீர்கள், என்ன ஆட்கள் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். தனியாக வாழும் பெண்களும், சில சாதி, மதங்களைச் சேர்ந்தவர்களும் வீடு தேடி ஏறி இறங்கும்போது கேட்கும் கேள்விகளை நினைத்தால், அவர்கள் கடன் வாங்கியாவது சொந்த வீட்டுக்குப் போவதை எந்தக் கணக்கும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. பாலுமகேந்திராவின் 'வீடு' படம் 1988-ல் வந்தது. அதில் நாயகியை வீடு கட்டத் தள்ளியது சொத்து ஆசை இல்லை. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதுதான்.

சட்டம் இந்தப் பயத்தைக் குறைக்கப் பார்த்தது. தமிழகத்தில் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்கிறது அது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாகத்தான் சென்னையின் பல பகுதிகளில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உள்ளே வருகிறது. சுவிட்சர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கின்றன. அது பணக்கார நாடுதான். ஆனால் "பையன் கல்யாணம் வருது, அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்று ஒரு வாட்ஸ்அப்பில் முடிந்துபோகிற விஷயம் இல்லை அங்கே வாடகை.

அம்மாவின் பக்கத்துக்கு இன்னொரு வலு உண்டு. அதை டைரியும் ஒப்புக்கொள்கிறது. வாடகை ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறிக்கொண்டே போனால், இன்றைய 16,000 ரூபாய் 20 வருடத்தில் 42,000-த்தைத் தாண்டும். சரியாக அப்போது தவணை முடிந்திருக்கும். கணவருக்கு இப்போது 38 வயது. 58-ல் சம்பளம் நிற்கும்போது, வாடகை நிற்காது.

மேல் வீட்டுக்காரர் கணக்கு

இதற்கிடையே விலையைப் பேசிப் பார்க்கப் போனார் கணவர். அதே ஏரியாவில் அதே வயதுள்ள ஒரு வீடு சமீபத்தில் 54 லட்சத்துக்குப் போனதைச் சொன்னார். மேல் வீட்டுக்காரர் அசையவில்லை. "சார், பால்கனிக்கு கிரில் நான் போட்டது. பூஜை அலமாரி தேக்கு. 60-க்குக் கீழே பேச்சே இல்லை."

அவர் பேராசைக்காரர் இல்லை. 1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் சிலருக்கு மட்டும் ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். பிறகு, வைத்திருப்பவர் என்ன விலைக்கு விற்பார், இல்லாதவர் என்ன விலைக்கு வாங்குவார் என்று கேட்டார்கள். கையில் வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கு, வாங்குகிறவர் சொன்னதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை சொன்னார்கள் வைத்திருந்தவர்கள். சாதாரணக் கோப்பைக்கே இப்படி என்றால், மகளுக்குச் சடங்கு சுற்றிய ஹாலுக்கு?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1990-களில் நடந்த அடுக்கக விற்பனைகளை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இருவர் ஆராய்ந்து 2001-ல் எழுதினார்கள். விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கி நஷ்டத்தில் இருந்தவர்கள், மற்றவர்களைவிட அதிக விலை சொன்னார்கள். அதனால் விற்க முடியாமல் நெடுநாள் காத்திருந்தார்கள். இந்தக் குடும்பம் மேல்வீட்டை 60 லட்சத்துக்கு வாங்கினால், ஐந்து வருடம் கழித்து ஒருநாள் அதே கிரில்லைக் காட்டி இவர்களும் இதையே சொல்வார்கள். வேறு ஊரில் நல்ல வேலை வந்தாலும் "வாங்கின விலைக்குக் கீழே எப்படிக் கொடுக்கிறது?" என்று தயங்கி நிற்பார்கள். நாலைந்து வருடத்துக்குள் ஊர் மாற வாய்ப்புள்ளவர்கள் வீடு வாங்கக் கூடாது என்பதற்குப் பத்திரச் செலவு ஒரு காரணம். இந்தத் தயக்கம் இன்னொரு காரணம்.

ஐந்தாம் தேதி

கடைசியில் மனைவிதான் ஒரு யோசனை சொன்னார். "ஒரு வருஷம் டியூ கட்டுற மாதிரி நடிப்போம்."

வீடு வாங்கிவிட்டது போல பாவனை. வாடகை வழக்கம்போல. அதோடு ஐந்தாம் தேதி தவறாமல் 25,655 ரூபாய் தனி ஆர்.டி.யில். வங்கியே எடுத்துக்கொள்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வருடக் கடைசியில் பணம் சேர்ந்திருந்தால், இந்தக் குடும்பத்தால் வீட்டுக் கடனையும் தாங்க முடியும், வாடகையில் இருந்துகொண்டே சேமிக்கவும் முடியும். பிறகு எது வேண்டும் என்பதை அம்மாவையும் மகளையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம். சேரவில்லை என்றால், 48 லட்சம் கடனில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பத்திரச் செலவு இல்லாமலே தெரிந்துவிடும்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அதுக்குள்ள மேல்வீடு போயிடும்டா!"

நான்கு மாதம் ஆகிறது. மேல்வீடு போகவில்லை. அதே 60 லட்சம், அதே தேக்கு அலமாரி. ஆர்.டி.யில் மூன்று மாதம் பணம் ஒழுங்காக ஏறியது. நான்காவது மாதம் பள்ளிக் கட்டணமும் ஒரு காதுகுத்தும் ஒன்றாக வந்து தவறிப்போனது. அன்று இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மனைவி டைரியில் அந்த மாதத்துக்கு நேரே ஒரு சிவப்பு வட்டம் போட்டுவைத்தார். ஊட்டிப் பயணத்தை ரத்து செய்து, விட்டுப்போன தொகையை இரண்டு மாதத்தில் ஈடுகட்டுவது என்று ஏற்பாடு.

இந்த மாதம் ஐந்தாம் தேதி காலை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, மருமகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இன்னிக்குப் பணம் எடுத்துட்டானா பேங்க்காரன்?"

"எடுத்துட்டான் அத்தை. ஏழு மணிக்கே மெசேஜ் வந்திடுச்சு."